டி.வி. லைசென்ஸ் புதுப்பித்துத் தரக் கோரும் விண்ணப்பம்

பெறுநர்:
டி.வி. லைசென்ஸ் வழங்கும் அலுவலர் அவர்கள் (அப்படி ஒருவர் இன்னும் இருப்பின்),
அஞ்சலகம்.

பொருள்: கருப்பு வெள்ளை டி.வி. – லைசென்ஸ் புதுப்பித்தல் – தொடர்பாக.
பார்வை: இந்தியத் தந்திச் சட்டம், 1885.

ஐயா,

மேற்படி பொருள் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவது யாதெனில், பழைய வால்வு டி.வி. ஒன்றை நான் ஓட வைத்துவிட்டேன். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் ஒளிபரப்பு தொடங்கிய காலத்துப் பெட்டி. நான்கு கால், முகப்பில் இழுத்து மூடும் மரக் கதவு, அதற்கொரு பூட்டு. உள்ளே பாதி வால்வு, பாதி டிரான்சிஸ்டர். கூடவே தங்கள் துறை கொடுத்த லைசென்ஸ் புத்தகமும் வந்து சேர்ந்தது. ஆண்டுக்கு 50 ரூபாய். 1980களின் நடுவோடு பதிவு நின்றுவிட்டது. லைசென்ஸையே எடுத்துவிட்டார்கள் என்கிறார்கள். எனக்கு எழுத்துபூர்வமாக யாரும் தெரிவிக்கவில்லை.

இத்தனை வருஷம் தூங்கிய பெட்டியை நேராகப் பிளக்கில் செருகினால் புகைதான் மிஞ்சும். காய்ந்துபோன கண்டென்சர்களை மாற்றிவிட்டு, 100 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரிஸில் போட்டுத்தான் கரன்ட் காட்ட வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், பெட்டி பிழைக்கும். வால்வுகளின் இழைகளும் ஒரே சீரிஸ்தான். ஒன்று அறுந்தால் அத்தனையும் அணைந்துவிடும். ஒரு குமாஸ்தா லீவு போட்டால் எல்லா ஃபைலும் நின்றுவிடுகிற ஆபீஸ் மாதிரி. (தங்கள் அலுவலகத்தைச் சொல்லவில்லை.) சென்னை ரிச்சி தெருவில் பி.எல். 504 வால்வு கேட்டால், கடைப் பையன் என் வயதைக் கேட்கிறான்.

இப்போது ஓடுகிறது. நொடிக்கு 25 படம், படத்துக்கு 625 கோடு. பெருக்கினால் வரும் 15,625 ஹெர்ட்ஸில் லைன் டிரான்ஸ்பார்மர் விசிலடிக்கிறது என்று பேத்தி காதைப் பொத்திக்கொள்கிறாள். என் வயசுக் காதுக்கு அது எட்டாது. பெட்டி வேலை செய்கிறதா என்பதை அவளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன்.

ஏனென்றால் ஆன்டெனாவை மாட்டினால் திரையில் புள்ளிகள் மட்டுமே பறக்கின்றன. தரைவழி அனலாக் ஒளிபரப்பை 2022 மார்ச் இறுதிக்குள் அநேகமாக எல்லா இடத்திலும் நிறுத்தியாயிற்று. லைசென்ஸ் கேட்ட நாளில் படம் தந்தார்கள். கேட்காமல் விட்டார்கள், படமும் போயிற்று. ஆகவே கட்டணத்தைச் செலுத்தியே தீருவது என்று முடிவு செய்திருக்கிறேன். நிலுவை, அபராதம் எதுவாயினும் சம்மதம். காசை வாங்கிக்கொண்டால் அரசாங்கம் எதையாவது காட்டியாக வேண்டும் அல்லவா?

வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பாட்டு நிகழ்ச்சி வேண்டும் என்று அடம்பிடிக்க மாட்டேன். 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டை ஒன்று போதும். போகஸும் கான்ட்ராஸ்டும் சரிபார்க்க அதைவிட நல்ல படம் கிடையாது. இப்போதைய தடங்கல் நிரந்தரமானது என்பதால், வருத்தத்தையும் இடைவேளையின்றி ஒளிபரப்பலாம்.

இன்னொரு சந்தேகம். தற்சமயம் டி.வி.டி. பிளேயரை மாடுலேட்டர் வழியாக ஆன்டெனா துளையில் கொடுத்திருக்கிறேன். அதாவது எங்கள் அலமாரியில் ஒரு ஒளிபரப்பு நிலையம் இயங்குகிறது. நேயர்கள் இருவர், அதில் ஒருவர் காதைப் பொத்தியிருப்பவர். இதற்குத் தனி லைசென்ஸ் உண்டா? 'இது எங்கள் துறை அல்ல' என்று பதில் வருவதாக இருந்தால், எந்தத் துறை என்பதையும் அதே கடிதத்தில் குறிப்பிட ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
லைசென்ஸ் காலாவதியான நேயர்

இணைப்பு: லைசென்ஸ் புத்தகம், சுயவிலாசமிட்ட, தபால்தலை ஒட்டிய உறை, மரக் கதவின் மாற்றுச் சாவி (திடீர்ச் சோதனைக்கு வரும் ஆய்வாளரின் உபயோகத்துக்கு).