எண்ணூறும் ஆறு பாட்டிலும்

மாருதி எயிட் ஹண்ட்ரட் வைத்திருப்பவர் வானூரில் எனக்குத் தெரிந்தே நாலு பேர். நாலு வண்டியும் சூடாகும். நாலு பேரும் "நம்ம வண்டி மாதிரி வராதுங்க" என்பார்கள். ஒருவரைப் பற்றிச் சொன்னால் மற்ற மூவரையும் சொன்னதாக வைத்துக்கொள்ளலாம். திருச்சிற்றம்பலம் கூட்டுரோடு டீக்கடை ஓரம் பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு, கையில் டீயோடு இன்ஜின் ஆறக் காத்திருக்கிறாரே, அவரேதான் நம்ம அண்ணன்.

ஸ்டெப்னியில் காற்று இருக்குமோ இருக்காதோ, டிக்கியில் ரெண்டு லிட்டர் பாட்டில் ஆறு இருக்கும். எல்லாம் போர் தண்ணீர். வழியில் அண்ணி தாகத்துக்குக் கேட்டால்கூடக் கிடைக்காது. "அது வண்டிக்கு."

1983 டிசம்பர் 14-ம் தேதி இந்திரா காந்தி முதல் வண்டியின் சாவியைக் கொடுத்ததை, பக்கத்தில் நின்று பார்த்தவர்போலச் சொல்வார். 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றதைச் சொல்லும்போது குரல் கம்மும். 796 சிசி, மூணு சிலிண்டர், எல்லாம் மனப்பாடம். கடைசியாகக் கூலன்ட் மாற்றியது எப்போது என்று கேட்டால் மட்டும் பேச்சு மழை பக்கம் போய்விடும்.

அவர் ஓட்டும்போது ரோட்டைப் பார்ப்பது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் வேலை. அவர் கண் முழுக்க சூடு காட்டும் முள்ளின் மேல். முள் நடுவில் நின்றால் அரசியல் பேசுவார். கொஞ்சம் ஏறினால் மௌனம். 'எச்' பக்கம் சாய்ந்தால் ஹீட்டரைப் போட்டுவிடுவார். ஏசி செத்து வருஷக்கணக்காகிறது, ஹீட்டருக்கு ஆயுசு கெட்டி. இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் உள்ளே இழுத்துவிட்டால் இன்ஜின் தப்பிக்கும் என்பது சரியான வைத்தியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அக்கினி நட்சத்திரத்தில் கிளியனூர் தாண்டிப் பெண் பார்க்கப் போன நாங்கள் ஏழு பேரும், இட்லிப் பானையிலிருந்து எடுத்த பதத்தில் போய் இறங்கினோம்.

ரேடியேட்டர் ஒழுகுகிறதா? மஞ்சள் தூள் ஒரு ஸ்பூன். நிஜமாகவே கொஞ்ச நாள் அடைக்கும். அப்புறம் ஓட்டையை விட்டுவிட்டு உள்குழாயை அடைக்கும். ஃபேன் தானாக ஓடவில்லையா? டைரக்ட் கனெக்‌ஷன், டேஷ்போர்டில் வீட்டு லைட் சுவிட்ச் ஒன்று முளைத்திருக்கும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் போய்விட்டதா? சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி வைத்துவிடுவார். உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்து, 100 டிகிரி தாண்டியும் தண்ணீரைக் கொதிக்கவிடாமல் காப்பது அந்த மூடிதான். ஒரு பிரியாணி விலை பெறாத சாமான். பிரியாணி சாப்பிடுவார், மூடி வாங்கமாட்டார்.

தெர்மோஸ்டாட்டை வண்டி வாங்கிய வாரமே கழற்றி எறிந்தாயிற்று. "நம்ம ஊரு வெயிலுக்கு அது இன்னாத்துக்குங்க?" 80 டிகிரிக்குச் சற்று மேலே போனதும் உள்ளிருக்கும் மெழுகு இளகி விரிந்து, ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீருக்குக் கதவு திறக்கிற சின்ன வால்வு அது. அது இல்லாமல் காலையில் இன்ஜின் சூடேறவே நேரமாகிறது, பெட்ரோல் கூடக் குடிக்கிறது. அந்தக் கணக்கையெல்லாம் பங்க்காரன் தலையில் எழுதிவிடுவார்.

கூலன்டா? "கலர் தண்ணிக்கு எவன் காசு குடுப்பான்?" எங்கள் போர் தண்ணீரில் கொதிக்கவைத்த பாத்திரத்தைப் பார்த்தவர்களுக்கு ரேடியேட்டரின் கதி தெரியும். இதே வானூர் வட்டத்துத் திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்களுக்கு வயது 2 கோடி ஆண்டாம். அண்ணன் ரேடியேட்டர் கல்லாக ரெண்டு கோடை போதுமானதாக இருந்தது.

போன மாசம் சைலன்சரில் வெள்ளைப் புகை. மெக்கானிக் ஆயில் குச்சியை உருவித் துணியில் துடைக்காமல் அப்படியே நீட்டினார். நல்ல பால் டீ நிறம்.

"ஆயில்ல தண்ணி எறங்கிடுச்சு சார். ஹெட் கேஸ்கெட் போச்சு. ஹெட்டைக் கழட்டி லேத்துல ஃபேஸிங் குடுக்கணும்."

அண்ணன் குச்சியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தார். பிறகு தணிந்த குரலில் கேட்டார்:

"மஞ்சத்தூள் போட்டா நிக்காதா?"

பத்து நாள் ஷெட்டில் கிடந்து வண்டி திரும்பி வந்துவிட்டது. முள் பாதிக்கு மேல் ஏறுவதில்லை. பாட்டில் தண்ணீர் வைத்த ராசி என்கிறார். தெர்மோஸ்டாட்டும் புது மூடியும் மாட்டிவிட்டு, பில்லில் 'இதர சாமான்' என்று எழுதியிருக்கிறார் மெக்கானிக். கூட்டுரோட்டில் அண்ணனைப் பார்த்தால் தயவுசெய்து யாரும் சொல்லிவிடாதீர்கள். கழற்றிவிடுவார்.