காலை 12 மணிக்கு வண்டி

லுசாக்கா,
ஆடி மாதம், 2025

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

ஆடியில் புறப்படாதே என்று படித்துப் படித்துச் சொல்லியும் கேட்காமல் கிளம்பியவன் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தானா என்று பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டிருப்பீர்கள். சேர்ந்துவிட்டேன். அதோடு, வழியில் ஒரு ராத்திரி தங்கிய ஊரில் ஆடியே கிடையாது. அங்கே நடப்பது ஹம்லே மாதம். வருஷமும் 2025 இல்லை, 2017.

எத்தியோப்பியாவில் அடிஸ் அபாபாவைச் சொல்கிறேன். லுசாக்கா விமானம் மறுநாள் காலையில்தான் என்று எங்களை ஓட்டலுக்கு அனுப்பிவிட்டார்கள். பூகோள வாத்தியாரான உங்களுக்கு ஒரு சேதி: அந்த ஊரும் நம் திருநெல்வேலியும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில், 9 டிகிரியை ஒட்டி இருக்கின்றன. ஒற்றுமை அத்தோடு சரி. அது 2,300 மீட்டருக்கு மேலே, ஊட்டியைவிட உயரத்தில் இருக்கிறது. மழைக்காலம் வேறு. பம்பாயில் வேர்வையில் நனைந்த சட்டை அங்கே குளிரில் விறைத்துக்கொண்டது.

கிறிஸ்து பிறந்த வருஷத்தை அவர்கள் வேறு விதமாகக் கணக்குப் போட்டதில் நம்மைவிட ஏழெட்டு வருஷம் பின்னால் இருக்கிறார்கள். 2000 பிறந்ததென்று உலகமெல்லாம் வெடி போட்டு ஓய்ந்த பிறகு, அவர்கள் அதைச் சாவகாசமாக 2007 செப்டம்பரில் கொண்டாடினார்கள். வருஷத்துக்குப் பதின்மூன்று மாதம். பன்னிரண்டுக்குத் தலா 30 நாள், மிச்சம் விழும் ஐந்தோ ஆறோ நாளுக்குத் தனியாக ஒரு குட்டி மாதம். அந்த மாதத்துக்குச் சம்பளம் உண்டா என்று ஓட்டல் பையனிடம் கேட்டேன். சிரித்தானே தவிர பதில் சொல்லவில்லை. கணக்கெழுதிப் பிழைக்கிறவனுக்கு அந்தச் சிரிப்பே போதும்.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது கடிகாரம்தான். நம் உதயாதி நாழிகை மாதிரி அவர்களுக்கும் பொழுது விடிவதிலிருந்துதான் கணக்கு. நாம் காலை ஏழு என்பது அவர்களுக்கு ஒரு மணி. விமான டிக்கெட்டில் நம் மணி, வாய்ப்பேச்சில் அவர்கள் மணி. இது தெரியாத ஒரு குஜராத்தி சேட் என்னோடு வந்தார். லுசாக்காவில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். காலையில் எத்தனை மணிக்கு வண்டி வரும் என்று டிரைவரிடம் கேட்டார். “காலை 12 மணிக்கு” என்றார் அந்தப் பெரியவர்.

“காலை 12-ஆ? உலகத்தில் எந்த ஊரில் இருக்கிறது காலை 12? பிளேன் போன பிறகு வந்து டாட்டா காட்டவா?” என்று சேட் குதித்தார். தான் பள்ளிக்கூடத்தில் படித்ததே ஓர் இந்திய வாத்தியாரிடம்தான் என்றார் பெரியவர். (ஹைலி செலாசி ராஜா காலத்தில் நம் ஊர்ப்பக்கத்து வாத்தியார்கள் அபிசீனியாவுக்குப் போனார்கள் என்று சொல்வீர்களே, அது நிஜம்தான்.) “இந்தியனிடம் படித்துமா இந்தக் கணக்கு?” என்றார் சேட். “அவரும் எங்கள் மணிக்குத்தான் வகுப்புக்கு வந்தார்” என்று பதில் வந்தது. சேட் கப்சிப்.

இன்னொன்று, புதன்கிழமை ராகு காலம் நமக்கு 12 முதல் 1.30. அவர்கள் கடிகாரப்படி 6 முதல் 7.30. அந்த ஊருக்குக் குடிபோவதாக இருந்தால் உங்கள் பஞ்சாங்கத்தைப் புதிதாகத்தான் அச்சடிக்க வேண்டும்.

பகலில் தேசிய மியூசியத்துக்குப் போனோம். 1974-ல் ஹடாரில் தோண்டியெடுத்த லூசி என்கிற எலும்புக்கூட்டின் நகலை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். மூன்றரை அடி உயரம், வயசு 32 லட்சம் வருஷம். நம் வம்சாவளி நோட்டில் எட்டுத் தலைமுறைக்கு மேல் காலியாக விட்டிருக்கிறீர்களே, எழுத ஒரு பேர் கிடைத்தது.

சாப்பாட்டுக்கு என்ன செய்தாய் என்று சித்தி கேட்பாள். அன்று புதன். புதனும் வெள்ளியும் அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு நோன்பு. இறைச்சி, முட்டை, பால் எதுவும் தொடமாட்டார்கள். நோன்புச் சாப்பாடு என்றால் சைவன் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம். டெஃப் என்ற பொடித் தானியத்தை அரைத்து, கரைத்து, நாள்கணக்கில் புளிக்கவைத்து இஞ்ஜெரா என்று சுடுகிறார்கள். நாம் தோசை மாவை நடுவில் விட்டு வெளியே இழுப்போம். அவர்கள் ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி நடுவுக்கு ஊற்றி வருகிறார்கள். திருப்பிப் போடுவது கிடையாது, மூடிவைத்து வேகவிட்டால் மேலெல்லாம் கண்ணு கண்ணாகத் திறந்துகொள்கிறது. புளிப்பு, சித்தி மூன்று நாள் மறந்துவிட்ட மாவைவிட ஒரு பங்கு தூக்கல்.

அதைப் பெரிய தட்டில் விரித்து, பருப்பும் கீரையும் மேலேயே கொட்டி, எல்லோரும் ஒரே தட்டில் கை வைக்கிறார்கள். எச்சில் என்று நான் யோசித்து முடிப்பதற்குள் டிரைவர் ஒரு வாய் சுருட்டி, சேட் வாயில் ஊட்டிவிட்டார். பிரியமானவர்களுக்கு அப்படித்தான் ஊட்டுவார்களாம். காலை 12 மணிச் சண்டை அதோடு தீர்ந்தது.

பிறகு காப்பி. காப்பி பிறந்த நாடாயிற்றே! ஒரு அம்மாள் தரையில் பச்சைப்புல் தூவி உட்கார்ந்து, கொட்டையைக் கழுவி, எதிரிலேயே வறுத்தாள். புகையை மோந்து பார்க்கும்படி சட்டியை ஒவ்வொருவர் முகத்துக்கும் நீட்டினாள். பக்கத்தில் சாம்பிராணி. இடித்த தூளைக் கழுத்து நீண்ட மண் கூஜாவில் கொதிக்கவிட்டு, பிடியில்லாத சின்னக் கிண்ணங்களில் ஊற்றினாள். பால் கிடையாது. தொட்டுக்கொள்ள சோளப்பொரி. இப்படி மூன்று சுற்று. நடுவில் எழுந்தால் மரியாதைக் குறைவாம். நான் மூன்றாவதைப் பேருக்கு வாயில் வைத்தேன். சேட் மூன்றையும் சொட்டு விடாமல் குடித்தார்.

விளைவு, அவருக்குப் பொட்டுத் தூக்கமில்லை. எந்தக் கணக்குப்படி 12 அடித்தாலும் ஆள் தயாராக இருக்கட்டும் என்று நடுராத்திரியே பெட்டியோடு வரவேற்பறையில் போய் உட்கார்ந்துவிட்டார். நம் மணிக்கு ஆறு அடிக்கும்போது வண்டி வந்து நின்றது. ஒரு நிமிஷம் முன்னே பின்னே இல்லை.

லுசாக்காவில் இறங்கும்போது, கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள் என்று அறிவித்தார்கள். சேட் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடிவிட்டார்.

இப்படிக்கு,
தங்கள் அண்ணன் மகன்