பன்னண்டரை வயசுக் கெழவன்

ஏண்டா பேராண்டி, மொகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கே? கரண்டும் குடிதண்ணியும் காலாவதியான கம்ப்யூட்டரை நம்பி ஓடுதாமா? சரி, அதுல ஓடுற விண்டோஸ் எக்ஸ்பி எப்பப் பொறந்துச்சு? 2001 கடைசியில. கம்பெனிக்காரன் எப்பக் கைகழுவினான்? 2014 ஏப்ரல்ல. பன்னண்டரை வயசுல கெழவனாயிடுச்சா அது! நம்ம முக்கொம்புல காட்டன் தொரை 1830கள்ல கட்டுன மேலணை, 2018 ஆகஸ்டு வெள்ளத்துல ஒம்பது மதகைப் பறிகொடுக்கற வரைக்கும் நூத்தியெண்பது வருசம் நின்னுச்சே. அதை விட்டுட்டு இதுக்கா ஒப்பாரி?

வயசா தம்பி வியாதி? மராமத்து பாக்காததுதான் வியாதி.

2017 மார்ச்சுல நம்ம கவர்மெண்டு குடிமராமத்தைத் திரும்பத் தொடங்குச்சு, ஞாபகம் இருக்கா? அதே மாசம் மைக்ரோசாப்டுகாரனும் விண்டோஸ் ஓட்டையை அடைக்க மருந்து குடுத்தான். எத்தனை பேரு பூசினான்? மே மாசம் வானாக்ரைங்கற பூச்சி கெளம்புச்சு. இங்கிலாந்துல ஆஸ்பத்திரி முடங்குச்சு. மேற்கு வங்கத்துல மேதினிப்பூர்ப் பக்கம் கரண்ட் ஆபீசுக்குள்ளயே பூந்துடுச்சு. அதுல கூத்து என்னன்னா, மாட்டுனதுல பெரும்பாலும் கெழட்டு எக்ஸ்பி இல்லடா, அதுக்குப் பொறகு வந்த விண்டோஸ் 7. மருந்து பக்கத்துலயே இருந்துச்சு, பூசத்தான் ஆளு இல்ல. ரிப்பன் வெட்டப் பத்துப் பேரு வருவான், தூசி தட்ட எவன் வருவான்? தூசி தட்டுனவனுக்குப் போட்டோ உண்டா, பொன்னாடை உண்டா?

‘எங்க பெட்டி தனியா நிக்குது, எதுவும் அண்டாது’ம்பான் ஒருத்தன். 2019 அக்டோபர் 29ந்தேதி கூடங்குளத்துல அப்படித்தான் அறிக்கை விட்டாங்க. மறுநாளே அணுமின் கழகம், ‘ஆமாங்க, ஆபீசு வேலைக்கு நெட்டுல இருந்த ஒரு கம்ப்யூட்டர்ல பூச்சி பூந்தது நெசம்தான், செப்டம்பர்லயே தெரியும், உலைப் பக்கம் போகல’ன்னுச்சு. உலைப் பக்கம் போகலைங்கறது நல்ல சேதிதான். ஆனா முந்தின நாளு அந்த வாய் எங்க போயிருந்துச்சு?

உக்ரைன்ல 2015 டிசம்பர்ல எங்கயோ உக்காந்துக்கிட்டு ஒரு கூட்டம் கம்ப்யூட்டர் வழியா சப்ஸ்டேஷன்களை அணைச்சுச்சு. ரெண்டே கால் லட்சம் இணைப்பு இருட்டு. அவுங்க என்ன பண்ணாங்க? திரையை வெறிச்சுப் பாத்துக்கிட்டா இருந்தாங்க? வண்டியேறிப் போயி, பிரேக்கரைக் கையால போட்டாங்க. சில மணி நேரத்துல வெளக்கு வந்துடுச்சு.

மதகுலயும் அப்படித்தான்டா. மோட்டாரு மக்கர் பண்ணா கையால சுத்தத் தெரிஞ்ச லஸ்கர் வேணும். நாளைக்குக் கடைத்தெரு போறியே, அப்படியே கரண்ட் ஆபீசுல நுழைஞ்சு, பெட்டி படுத்துட்டா எதைக் கையால இழுக்கணும்னு தெரிஞ்ச ஆளு யாரு, அவரு எப்ப ரிட்டயர்டுன்னு கேட்டுட்டு வா. ‘சர்வர் டவுனு’ன்னு சொல்லி ஒன்னை வெளியில நிறுத்துனா, வெத்தலையாவது வாங்கிட்டு வாடா. கொழுந்தா பாத்து வாங்கு.