ஜனவரியிலேயே எழுபது

கையில் வரைபடம், திசைகாட்டி. காட்டுக்குள் ஆரஞ்சும் வெள்ளையுமாய் ஒளிந்திருக்கும் கொடிகளைத் தேடி ஓட வேண்டும். ஓரியன்டியரிங் அவ்வளவுதான். ஆனால் இங்கிலாந்தில் ஹேண்டிகேப் போடும் கிளப் லீக்குகளில் நிஜ ஓட்டம் அதற்குப் பிறகு, கணக்குப் போடுபவரின் லேப்டாப்பில் நடக்கிறது.

முள் கிழித்த காலோடு 50 நிமிடத்தில் வந்து விழுகிறார் ஓர் இளைஞர். ஒரு பாட்டி 70 நிமிடத்தில் நிதானமாக வந்து ஃபிளாஸ்கைத் திறக்கிறார். வயதையும் பாலினத்தையும் பார்த்து நேரத்தை ஓர் எண்ணால் பெருக்குகிறார்கள்; அதுதான் ஹேண்டிகேப். பாட்டிக்கு 0.6 என்று வையுங்கள், 42 நிமிடம்! இளைஞர் கைதட்டுகிறார், வேறென்ன செய்வார்?

ஊரெல்லாம் வயதைக் குறைத்துச் சொல்லும். இங்கே ஏற்றிக்கொள்ளத் துடிக்கிறார்கள். 35-க்கு மேல் ஐந்தைந்து ஆண்டுக்கு ஒரு வகுப்பு. டிசம்பர் 31-இல் எழுபதைத் தொடுபவரும் அந்த ஆண்டின் ஜனவரி முதல் தேதியிலிருந்தே எழுபதுக்காரர். தை பிறக்கும் முன்பே வழி பிறந்துவிடுகிறது.

பரிதாபம், 69-ஐத் தொடுபவர்தான். முழங்கால் எப்போதோ எழுபதுக்குப் போய்விட்டது. அட்டவணை மட்டும் இன்னும் 65-லேயே நிற்கிறது.