பிளேட் அண்ணன்

இரும்புத் தட்டு ஒன்றை இரு கையாலும் பிடித்து முன்னால் தூக்கித் தோளை வளர்ப்பவர் பிளேட் அண்ணன். எல்லா ஊர் ஜிம்மிலும் இருப்பார். ஆனால் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேரில் இவருக்குச் சூழல் இன்னும் தோது. இந்திய நேரத்தைக் கணக்கிடும் தீர்க்கரேகைக்குப் பத்து டிகிரி கிழக்கே உள்ள ஊர் இது; டிசம்பரில் மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். அதற்குமேல் கடற்கரையில் கை மடித்த பனியனோடு நடந்தால் யார் கண்ணில் படும்? விளக்கும் ஆளுயரக் கண்ணாடியும் உள்ள இடம் ஜிம்தான்.

பயிற்சியின் இலக்கணம் எளிது. கடிகாரத்தில் மூன்றும் ஒன்பதும் இருக்கும் இடங்களில் தட்டைப் பிடித்து, முழங்கையைச் சற்றே மடக்கி, மூச்சை விட்டபடி தோள் உயரம்வரை தூக்க வேண்டும். மூச்சை இழுத்தபடி மெல்ல இறக்க வேண்டும். டெல்டாய்டு தசைக்கு முன், நடு, பின் என மூன்று பகுதிகள். இதில் பெரிதும் உழைப்பது முன்பகுதி. கை நீண்டிருப்பதால் நெம்புகோல் கணக்கில் சின்ன எடையே தோளுக்குப் பெரும் பாரம். தொடங்குபவருக்கு ஐந்து கிலோ தாராளம்.

அண்ணன் எடுப்பது இருபது. முட்டி மடங்கும், இடுப்பு பின்னால் வளையும், குதிகால் எழும்பும், தட்டு மேலே போகும். தோளைத் தவிர உடம்பில் எல்லாம் உழைக்கும். இறங்கும்போது 'மெல்ல' என்ற பேச்சே கிடையாது. தட்டு தொடையில் மோதித்தான் நிற்கும். மூன்று செட்டுக்கு நடுவே செல்ஃபிக்கு இரண்டு இடைவேளை.

இருபது என்பதற்கும் சான்றில்லை. உப்புக்காற்றில் தட்டு துருப்பிடித்து, பொறித்த எண் எப்போதோ உதிர்ந்துவிட்டது. மிஞ்சியது உள்ளங்கையில் ஒட்டும் செம்பொடி. எனவே எடையை அறிவிப்பது அண்ணனின் வாய்: தனியாக இருந்தால் பதினைந்து, புதுப்பையன் வந்தால் இருபது.

புதுப்பையனுக்கு உபதேசமும் உண்டு.

“தம்பி, ஷோல்டரை ஃபீல் பண்ணித் தூக்கணும்.”

“எனக்கு இடுப்புதாண்ணே ஃபீல் ஆவுது.”

“அது போகப் போகச் சரியாயிடும்.”

தென் தமிழ்நாட்டில் இளவட்டக்கல் தூக்கியவர்கள் இவருக்கு முன்னோர். அந்தக் கல்லின் எடையை ஊரே அறியும். வாயால் கூட்ட முடியாது. தூக்கியவனுக்குப் பெண் கொடுத்தார்கள் என்பார்கள். அண்ணனுக்குக் கிடைப்பது இடுப்புப் பிடிப்பு.

பிடிப்புக்கு மருந்து தைலம், சில நாள் ஓய்வு, பிறகு ஐந்து கிலோ. அதை ‘வார்ம்-அப்’ என்று சொல்லிக் கொடுத்தால் மறுப்பின்றித் தூக்குவார். தோள் வளர்வது அந்த நாட்களில்தான்.