ஏழே படிகளில் ஏசிங்க்ஐஓ

நூறு இணையப் பக்கங்களை இறக்க வேண்டும், ஒவ்வொரு சர்வரும் பதில் சொல்ல ஒரு நொடி எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசையாகக் கேட்டால் நூறு நொடி. ஒன்றின் பதிலுக்குக் காத்திருக்கும்போதே மற்றதையும் கேட்டுவைத்தால் இரண்டு மூன்று நொடியில் வேலை முடிந்துவிடலாம். பைத்தானின் ஏசிங்க்ஐஓ இதற்காகத்தான் இருக்கிறது. அதை இறக்குமதி செய்த பிறகும் அந்த நூறு நொடியைக் கட்டிக்காப்பது எப்படி? படிப்படியாகப் பார்ப்போம்.

1. பழைய பாடமாகத் தேடிப் பிடியுங்கள்

பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ரோசம் 2012-இல் முன்மொழிந்து, ‘டியூலிப்’ என்ற பெயரில் வளர்ந்த இந்த நூலகம், 2014-இல் பைத்தான் 3.4-உடன் வெளிவந்தது. அவெயிட் என்ற சொல் 2015-இல் 3.5-இல்தான் வந்தது. ஒரே வரியில் எல்லாவற்றையும் தொடங்கிவைக்கும் ஏசிங்க்ஐஓ.ரன் 2018-இல், 3.7-இல் வந்தது. இந்தச் சொகுசெல்லாம் நமக்கு எதற்கு? வேலைகளை மாற்றி மாற்றி ஓட்டும் ஈவென்ட் லூப்பைக் கையாலேயே எடுத்து, ஓட்டி, மூடும் 2014-ஆம் வருடத்துப் பாடம்தான் சரி. அதில் ஃபங்ஷன் தலையில் போடச் சொல்லும் கோரூட்டின் டெக்கரேட்டரை 3.11-இல் எடுத்தே விட்டார்கள். ஆரம்பமே எர்ரர். நல்ல சகுனம்.

2. ஃபைலுக்கு ஏசிங்க்ஐஓ.பிஒய் என்று பெயர் வையுங்கள்

பைத்தான் உண்மையான நூலகத்தை விட்டுவிட்டு உங்கள் ஃபைலையே இறக்குமதி செய்யும். பிறகு ‘ரன் என்று இதில் ஒன்றுமே இல்லையே’ என்று கைவிரிக்கும். அரை நாள் ஓடிவிடும்.

3. கண்ட இடத்திலெல்லாம் ஏசிங்க் போடுங்கள்

பெயரை மாற்றிவிட்டீர்களா? போகட்டும். இரண்டு எண்களைக் கூட்டும் ஃபங்ஷன் உட்பட எல்லாவற்றுக்கும் முன்னால் ஏசிங்க் போடுங்கள். கூப்பிடும் இடத்தில் அவெயிட் மட்டும் வேண்டாம். உள்ளே ஒரு வரியும் ஓடாது. கோரூட்டின் என்றொரு பொருள் கைக்கு வரும், அவ்வளவுதான். ‘நெவர் அவெயிட்டட்’ என்று திரையில் ஒரு வரி முணுமுணுக்கும். அது வெறும் எச்சரிக்கை, எர்ரர் இல்லை. ஒரு பக்கம்கூட இறங்காமல் புரோகிராம் வெற்றிகரமாக முடியும்.

4. உள்ளே ரிக்வெஸ்ட்ஸ் வையுங்கள்

யாராவது அவெயிட் போடச் சொல்லிக் கொடுத்துவிட்டாலும் மனம் தளர வேண்டாம். நம் கைவசம் உள்ளதிலேயே பெரிய ஆயுதம் இதுதான். ஈவென்ட் லூப் ஓடுவது ஒரே த்ரெட்டில். ஓடிக்கொண்டிருக்கும் டாஸ்க் ஏதோ ஒரு அவெயிட்டில் நின்று வழிவிட்டால்தான் அடுத்த டாஸ்க்குக்கு முறை வரும். பக்கங்களை இறக்கும் ரிக்வெஸ்ட்ஸ் நூலகமும், சும்மா காத்திருக்கவைக்கும் டைம்.ஸ்லீப்பும் வழிவிடாத ஜாதி. ஒரே கவுன்ட்டர் உள்ள ஆபீஸில், ‘ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க’ என்று அனுப்பிய ஆளுடன் கிளார்க்கும் சேர்ந்து கடைக்குக் கிளம்பிவிட்டால் எப்படியோ, அப்படி. வாசலில் தொண்ணூற்றொன்பது பேர் நிற்பார்கள். நூறு நொடி, குறையாமல் கிடைக்கும்.

ரிக்வெஸ்ட்ஸுக்குப் பதில் ஏஐஓஹெச்டிடிபி இருக்கிறது, ஸ்லீப்புக்கு ஏசிங்க்ஐஓவிலேயே ஒன்று இருக்கிறது, வேறு வழியே இல்லை என்றால் தனி த்ரெட்டுக்குத் தள்ளிவிட 3.9-இல் வந்த டு_த்ரெட் இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். காதில் வாங்காதீர்கள்.

5. ஃபார் லூப்புக்குள் அவெயிட் போடுங்கள்

ஏஐஓஹெச்டிடிபிக்கே மாறிவிட்டீர்களா? இன்னும் ஒரு வழி இருக்கிறது. ஃபார் லூப்பில் ஒவ்வொரு பக்கமாக எடுத்து, அங்கேயே அவெயிட் செய்யுங்கள். முதல் பக்கம் வந்து சேரும்வரை இரண்டாவதை யாரும் கேட்கவே மாட்டார்கள். இலக்கணப்படி ஒரு தப்பும் சொல்ல முடியாத நூறு நொடி இது. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் ஓடவிடும் கேதர், டாஸ்க்குரூப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

6. டாஸ்க்கைப் பெற்றுப்போட்டு மறந்துவிடுங்கள்

டாஸ்க்கைத் தொடங்கிவைக்கும் கிரியேட்_டாஸ்க் திருப்பித் தருவதை எந்த வேரியபிளிலும் பிடித்துவைக்க வேண்டாம். ஈவென்ட் லூப் அதை வீக் ரெஃபரன்ஸாக மட்டுமே வைத்திருக்கும். அதனால் வேலை பாதியில் இருக்கும்போதே கார்பேஜ் கலெக்டர் அதை வாரிக்கொண்டு போகலாம். எப்போதாவதுதான் நடக்கும், உங்கள் லேப்டாப்பில் நடக்கவே நடக்காது. புரொடக்‌ஷனுக்கு ஏற்ற பிழை. டாஸ்க்கை ஒரு செட்டில் போட்டுவையுங்கள் என்று ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. ஆவணம் படிக்கிறவர்கள் வேறு ரகம்.

7. அளந்து பார்க்காதீர்கள்

டீபக் மோடை ஆன் செய்தால், 100 மில்லி நொடிக்கு மேல் ஈவென்ட் லூப்பைப் பிடித்துவைத்தவர் யார் என்று லாகில் போட்டுக்கொடுத்துவிடும். அது ஆஃபிலேயே இருக்கட்டும். அளந்தால் இன்னொன்றும் தெரிந்துவிடும்: படத்தைச் சுருக்குவது, பெரிய கணக்குப் போடுவது போன்ற சிபியு வேலைகளில் காத்திருப்பு என்பதே இல்லை. ஏசிங்க் போட்டு அங்கே மிச்சம் பிடிக்க எதுவும் கிடையாது. ஆகவே அவற்றையும் மறக்காமல் ஏசிங்க் ஆக்கிவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு மேனேஜர், ‘ஏன் இன்னும் நூறு நொடி?’ என்று கேட்பார். பைத்தானே ஸ்லோ என்று அடித்துச் சொல்லுங்கள். அடுத்த ஸ்பிரிண்டில் எல்லாவற்றையும் கோ மொழியில் திருப்பி எழுதலாம் என்று முன்மொழியுங்கள். ஃபார் லூப்பில் ஒவ்வொன்றாகக் காத்திருக்க அங்கேயும் வசதி இருக்கிறது.