நாலு சக்கரமும் இழுக்க வேண்டுமா?

தோட்டத்துப் பாதைக்கு எந்த வண்டி வாங்கலாம் என்று கேட்டு வந்த கடிதங்கள் இந்த முறை தனிக் கட்டாகிவிட்டன. அவற்றிலிருந்து சில.

கே: கரிசல் காடு. மெயின் ரோட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் வண்டிப்பாதை. ஃபோர் வீல் டிரைவ் வாங்கிவிட்டால் எல்லா நாளும் போய் வரலாமா?
– வாசகர், கோவில்பட்டி

ப: பங்குனி, சித்திரையில் அம்பாசடர்கூடப் போகும். ஐப்பசி அடைமழையில் எதுவும் போகாது. நனைந்த கரிசல் டயரின் பட்டன் இடுக்கெல்லாம் அடைத்துக்கொண்டால் நாலு சக்கரமும் வழவழப்பான மண் உருளைகள்தான். இரண்டு சுற்றினால் என்ன, நாலு சுற்றினால் என்ன? மட்கார்டுக்குள் மண் அப்பிச் சக்கரத்தையே பிடித்துக்கொள்வதும் உண்டு. சாதா வண்டிக்கும் ஃபோர் வீலுக்கும் விலை வித்தியாசம் லட்சக் கணக்கில். அந்தப் பணத்துக்கு எத்தனை லோடு சரளை வரும் என்று முதலில் விசாரியுங்கள். பாதையில் மகா மோசமான இருநூறு முந்நூறு அடிக்குச் சரளை அடித்து, ஓரத்தில் தண்ணீர் வடிய வாய்க்கால் எடுத்துவிட்டால், மிச்சத்துக்குச் சாதாரண பொலிரோ போதும். செம்மண்காரர்கள் இதை நம்பி சரளைக்கு ஓட வேண்டாம். அங்கே மழை அரித்த பள்ளம்தான் எதிரி, கணக்கு வேறு.

கே: தோட்டத்துப் பாதை மோசம் என்று சொல்லி வீட்டுக்காரர் தார் ஜீப் கேட்கிறார். நம்பலாமா?
– வாசகி, பல்லடம்

ப: எந்தத் தார் என்று கேளுங்கள். 2023 ஜனவரியிலிருந்து பின்சக்கரம் மட்டும் இழுக்கும் தாரும் விற்கிறார்கள். வெளியே பார்த்தால் வித்தியாசம் சட்டென்று தெரியாது. மூன்று கதவுத் தாரில் கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டைக் கம்பி இருந்தால் அது தோட்டத்துக்கு. இல்லையென்றால் பேக்கரி வாசலில் நிறுத்துவதற்கு. நாலு பேர் உட்கார்ந்தபின் தேங்காய் எத்தனை ஏற்றலாம் என்றும் கேட்டுப் பாருங்கள். அதற்குப் பதில் சொல்லாமல் கலரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் விஷயம் விளங்கிவிடும்.

கே: ஆல் வீல் டிரைவும் ஃபோர் வீல் டிரைவும் ஒன்றுதானே?
– தென்னந்தோப்புக்காரர், பொள்ளாச்சி

ப: நாலு சக்கரத்துக்கும் சக்தி போகும் என்ற வரையில் ஒன்று. கிராண்ட் விட்டாரா மாதிரி வண்டிகளில் வரும் ஆல் வீல் டிரைவில் சாதாரணமாக முன்சக்கரம் இழுக்கும். வழுக்கினால் பின்சக்கரமும் கை கொடுக்கும். மழை நாளில் வால்பாறை ஏற அருமை. ஆனால் லோ கியர் கிடையாது. தோட்டக்காரருக்கு நாலு சக்கர இழுவையைவிட அந்த லோ கியர்தான் பெரிது என்பது என் கட்சி. 4 எல் போட்டால் சக்கரத்தின் வேகம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கும். இழுவை அதே அளவுக்கு ஏறும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகும் ஜீப்புகளைக் கவனியுங்கள். பாதை முழுக்கக் கல். ஓட்டுநருக்கு அவசரமே இருக்காது. ஆள் நடக்கிற வேகத்தில், கிளட்ச்சை மிதிக்காமல், வண்டி ஒவ்வொரு கல்லாக ஏறி இறங்கிப் போகும். திரும்பி இறங்கும்போதும் அதே கியர்தான், பிரேக் சூடாகாது. உங்கள் தோப்பு ஏற்றத்தில் கிளட்ச் பிளேட் கருகும் வாடை வருகிறதென்றால், அங்கே பற்றாக்குறை லோ கியருக்கு.

கே: ஃபோர் வீல் போட்டும் வண்டி நகரவில்லை. முன்னால் ஒரு சக்கரம், எதிர்மூலையில் பின்னால் ஒரு சக்கரம், இவை மட்டும் சுற்றின. ஏமாற்றி விற்றுவிட்டார்களா?
– காப்பித் தோட்டக்காரர், தாண்டிக்குடி

ப: கம்பெனி ஏமாற்றவில்லை, கிரவுன் ஏமாற்றியது. வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். அதற்காக இரண்டு சக்கரத்தையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுவதுதான் கிரவுனுக்குள் இருக்கும் டிஃபரன்ஷியலின் வேலை. அதன் கெட்ட குணம், பிடிமானம் இல்லாத சக்கரத்தையே சுற்ற வைப்பது. உழைக்கிறவனை விட்டுவிட்டு, சும்மா சுற்றுகிறவனுக்குச் சம்பளம் கொடுக்கும் முதலாளி மாதிரி. ஃபோர் வீலில் முன்னே ஒன்று, பின்னே ஒன்று என்று இது இரண்டு. ஓடையைக் குறுக்காகத் தாண்டும்போது மூலைக்கு மூலை இரண்டு சக்கரம் தூக்கிக்கொண்டால் கதை முடிந்தது.

இதற்கு மருந்து லாக்கர். இரண்டு பக்கச் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டிவிடும். ஒன்று சுற்றினால் மற்றதும் சுற்றியே ஆக வேண்டும். ஃபோர்ஸ் கூர்க்காவில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி லாக்கர். நாமே போட்டு எடுக்கலாம். தாரில் பின்பக்கத்துக்கு மட்டும், அதுவும் எல்லா வகையிலும் வராது. பணம் கட்டுமுன் பட்டியலில் தேடுங்கள். ஜிம்னியில் லாக்கர் இல்லை. வெட்டியாகச் சுற்றும் சக்கரத்தை பிரேக் தானே பிடித்து, சக்தியை மறுபக்கம் தள்ளும். அது வேலை செய்ய ஆக்ஸிலேட்டரை ஒரே சீராக மிதித்திருக்க வேண்டும். பயந்து காலை எடுத்தால் அதுவும் விட்டுவிடும்.

ஷோரூமில் பலர் கேட்காத சங்கதி ஒன்று: பொலிரோ நியோவின் விலை கூடிய வகையில் ஃபோர் வீல் கிடையாது, ஆனால் பின்பக்க லாக்கர் உண்டு. ஒரு சக்கரம் வீணாகச் சுற்றத் தொடங்கியதுமே தானாகப் பூட்டிக்கொள்ளும். சமவெளித் தோட்டங்களில் முக்கால்வாசிக்கு அது போதும். தாண்டிக்குடிக்குப் போதாது.

கே: ரோட்டிலும் 4 ஹெச் போட்டே ஓட்டினால் பிடிமானம் கூடும் அல்லவா?
– வாசகர், நாமக்கல்

ப: டயர் கடைக்காரருக்கு வருமானம் கூடும். மூன்று கதவுத் தார், ஜிம்னி, கூர்க்கா மூன்றிலும் 4 ஹெச் என்றால் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். ஆனால் திருப்பத்தில் முன்சக்கரங்களுக்கு ஓட வேண்டிய தூரம் அதிகம். மண்ணாக இருந்தால் டயர் சற்றுச் சறுக்கிச் சமாளிக்கும். காய்ந்த தார் ரோட்டில் சறுக்க வழியில்லாமல் முறுக்கு முழுவதும் பல்சக்கரங்களில் ஏறும். ஸ்டியரிங் இறுகும், டயர் முனகும், கம்பி 2 ஹெச்சுக்குத் திரும்ப மறுக்கும். அப்படிச் சிக்கினால் சுத்தியலைத் தேடாமல் வண்டியை நேராகக் கொஞ்சம் பின்னால் எடுங்கள்; கழன்றுவிடும். வருஷம் முழுக்க ஃபோர் வீலே போடாமல் வைத்திருப்பவர்களும் உண்டு. மாதம் ஒருமுறை மண்பாதையில் போட்டு ஓட்டுவது நல்லது. தேவைப்படும் நாளில் கம்பி பிடித்துக்கொள்ளாது. பிரேக் பிடிக்க ஃபோர் வீல் உதவுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். மாருதி 800-லும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் இருந்தது.

கே: கிரவுண்ட் கிளியரன்ஸ் எவ்வளவு இருந்தால் நல்லது?
– விவசாயி, மணப்பாறை

ப: ஜிம்னிக்கு 210, தாருக்கு 226, ஐந்து கதவு கூர்க்காவுக்கு 233 மி.மீ. என்று போட்டிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு, டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் பாதைக்குப் போங்கள். டிராக்டர் ஓடி ஓடி இரண்டு பக்கமும் தடம் குழிந்து, நடுவில் புல் முளைத்த மேடு நிற்கும். குழியிலிருந்து அந்த மேடு எவ்வளவு உயரம் என்று அளந்து பாருங்கள். 200 மி.மீ. இருந்தால், நாலு ஆளும் நாலு மூட்டையும் ஏறி ஸ்பிரிங் அமுங்கியதும் வண்டி மேட்டின்மேல் குந்திக்கொள்ளும். புல்லுக்குள் கல் ஒளிந்திருந்தால் இன்ஜின் ஆயில் சம்ப்புக்கு அன்றோடு ஆயுசு முடிந்தது. பழைய ஓட்டுநர்கள் குழியில் இறங்கவே மாட்டார்கள். ஒரு பக்கச் சக்கரம் நடுமேட்டில், மறுபக்கச் சக்கரம் பாதை ஓரத்தில் என்று வைத்துச் சாய்ந்தபடியே போய்விடுவார்கள். அதற்குச் செலவும் கிடையாது.

கே: வயலுக்குள்ளேயே ஓட்டிப் போக எது சிறந்தது?
– வாசகர், மன்னார்குடி

ப: கேஜ் வீல் மாட்டிய டிராக்டர். வயல்வரை, வாய்க்கால் கரையில் போவதற்கு என்றால் ஜிம்னி. 1645 மி.மீ.தான் அகலம்; தார் அதைவிட ஏறக்குறைய ஒரு சாண் அகலம். எதிரே நெல் ஏற்றிய டிரெய்லர் வரும்போது அந்தச் சாணுக்கு மதிப்பு தெரியும்.

கே: தேரி மணலில் புதைகிறது. பெரிய இன்ஜின் வண்டிக்கு மாறலாமா?
– பனைத் தோப்புக்காரர், உடன்குடி

ப: மாற வேண்டியது காற்று. முப்பது, முப்பத்திரண்டு வைத்திருப்பீர்கள். பதினெட்டு, இருபதுக்கு இறக்குங்கள். டயர் பரந்து மணல்மேல் நிற்கும். வேகமும் வேண்டாம், ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிக்கவும் வேண்டாம். காற்று குறைந்த டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். ரோட்டுக்கு வந்ததும் திரும்ப அடிக்க ஒரு சின்ன பம்ப் வண்டியிலேயே இருக்கட்டும்.

கே: தார் 650 மி.மீ. தண்ணீரில் போகும் என்கிறார்கள். பாலாற்றில் வெள்ளம் வரும்போது தரைப்பாலம் தாண்டலாமா?
– வாசகர், வாணியம்பாடி

ப: வேண்டாம். அந்த அளவு, தேங்கி நிற்கும் தண்ணீருக்கு. ஓடும் தண்ணீர் பக்கவாட்டில் தள்ளும். வண்டி மிதக்க ஆரம்பித்தால் எடை இருந்தும் டயருக்குப் பிடிமானம் போய்விடும். பாலத்தில் நடுக்கல் அடித்துக்கொண்டு போயிருந்தால் மேலிருந்து தெரியாது. தேங்கிய தண்ணீரில் இன்ஜின் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது. கனெக்டிங் ராடுதான் வளையும்.

கே: ஆளும் போகணும், உரமும் ஏத்தணும். என்ன வாங்க?
– காய்கறி விவசாயி, ஒட்டன்சத்திரம்

ப: பிக்கப். யூரியா மூட்டை 45 கிலோ. இருபது மூட்டைக்கே 900 கிலோ ஆயிற்று. இதை ஜீப்பில் ஏற்றுவது ஜீப்புக்குச் செய்யும் பாவம். இரட்டை கேபின் உள்ள பொலிரோ கேம்பர் உங்களுக்குப் பொருந்தும். மஞ்சள் போர்டு, எஃப்.சி. எல்லாம் உண்டு, மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் பெர்மிட் தேவையில்லை என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். ஹைலக்ஸ் அழகுதான். அந்த விலைக்கு ஒரு பிக்கப்பும் ஒரு டிராக்டரும் சேர்ந்தே வந்துவிடும். காலி பிக்கப்புக்குப் பின்பக்கம் இலேசு. ஈரப் புல்லில்கூடச் சுற்றும். நாலு மூட்டை மணலைப் பின் ஆக்சிலுக்கு மேலே போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் ஃபோர் வீலைப் பற்றி யோசியுங்கள்.

கே: பட்டாளத்தில் ஏலம் விட்ட ஜிப்ஸி ஒன்று சகாயமாக வருகிறது. எடுக்கலாமா?
– ஏலத்தோட்டக்காரர், போடி

ப: பச்சைப் பெயின்ட் அடித்ததெல்லாம் பட்டாளத்து வண்டி இல்லை. ஏலப் பத்திரமும் ஆர்.சி.யும் கைக்கு வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பேப்பர் சரி என்றால் வண்டிக்கு அடியில் படுங்கள்: சேசிஸில் வெல்டு வைத்த தடம், டிரான்ஸ்ஃபர் கேஸில் ஆயில் கசிவு, ஜாயின்ட் கிராஸில் ஆட்டம். பிறகு ஈர மண்ணில் நிறுத்தி, 4 எல் போட்டு, முன்சக்கரம் மண்ணைப் பறிக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். கம்பி மட்டும் நகர்ந்து முன்சக்கரம் சும்மா வரும் வண்டிகள் சந்தையில் உண்டு. ஜிப்ஸி இலேசான வண்டி, மலைக்கு ஏற்றது, ஆனால் பெட்ரோல்.

கே: வண்டியை நாலு இன்ச் தூக்கி, பெரிய டயர் போட்டு, முன்னால் புல் பார் மாட்டலாமா?
– கல்லூரி மாணவர், கரூர்

ப: புல் பாருக்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை போட்டாயிற்று. மற்ற இரண்டையும் பார்த்தால் இன்ஷூரன்ஸ்காரர் மிகவும் சந்தோஷப்படுவார். கிளெய்ம் வரும்போது தட்டிக்கழிக்கக் காரணம் கிடைத்ததே. கம்பெனி சொன்ன அளவிலேயே நல்ல ஆல் டெரெய்ன் டயர் போடுங்கள். அப்பா முகமும் மாறாது.

கே: சேற்றில் மாட்டினால் முதலில் என்ன செய்வது?
– வாசகர், கூடலூர்

ப: ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுப்பது. சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் குழியை ஆழமாக்குகிறது. இறங்கி, டயருக்கு முன்னால் இருக்கும் சேற்றை மண்வெட்டியால் வழித்துவிட்டு, கல்லோ மரக்கட்டையோ, தோப்பாக இருந்தால் தென்னை மட்டையோ கொடுங்கள். பெரும்பாலும் முன்னால் போவதைவிட வந்த தடத்திலேயே பின்னால் எடுப்பது சுலபம். அதுவும் முடியாவிட்டால் டிராக்டர். கயிற்றை பம்பரில் கட்டாமல் இழுவைக் கொக்கியில் மாட்டுங்கள். இழுக்கும்போது கயிற்றுப் பக்கம் யாரும் நிற்க வேண்டாம், அறுந்து அடித்தால் ஆளையே சாய்த்துவிடும். டிராக்டர்காரர் டீசல் காசு வேண்டாம் என்பார். வற்புறுத்திக் கொடுத்துவிடுங்கள். அடுத்த மழைக்கும் அவரைத்தான் கூப்பிடப் போகிறீர்கள்.